செக்கடித் தெருக் குழாயில் அழுத பிள்ளை

சங்கரேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்த நான்காம் நாள் காலை, அந்தக் குழந்தை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் தொண்டைக்குள் குழாயோடு சத்தமில்லாமல் படுத்திருக்க, அங்கிருந்து தெற்கே இரண்டரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் வெள்ளூரணியில், அவளும் அவள் புருஷன் காளிராஜும் குடியிருந்த செக்கடித் தெருவின் பொதுக்குழாய் அழத் தொடங்கியது.

ஐந்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிற குழாய் அது. வராத நாட்களில் அதன் கழுத்தில் யாராவது துண்டைக் காயப்போடுவார்கள், ஆடுகள் வந்து உரசிக்கொள்ளும், வேறு வேலை அதற்கு இல்லை. அன்று தண்ணீர் நாளும் இல்லை. வாசல் தெளிக்க வந்த எதிர்வீட்டு முத்துராக்கு, பூனைக்குட்டி ஏதோ சாக்கடையில் விழுந்துவிட்டது என்று முதலில் குனிந்து தேடினாள், பிறகு குழாயில் காதை வைத்துப் பார்த்தாள், பிறகு திருகைத் திறந்தாள். திறந்ததும் அழுகை தெளிவானது. மூடினால் சன்னமானது, ஆனால் நிற்கவில்லை. அழுகிற பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துவது போலிருந்ததால் திருகைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டாள். தெருவில் கைக்குழந்தை உள்ள வேறு வீடு கிடையாது. அதனால் யார் பிள்ளை என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

"தாயி, பிள்ளை இப்போ அழுவுதா?"

"அழ முடியாதுக்கா. தொண்டையில குழாய் போட்டிருக்காங்க. அழுதாலும் சத்தம் வெளிய வராதாம்."

"இங்க வருதும்மா."

"எங்க?"

"நம்ம தண்ணிக் குழாயில."

தாய்மார்கள் தங்கும் கூடத்தில், பால் எடுக்கும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சங்கரேஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அதன்பின் கேட்டாள்.

"எப்படி அழுவுது?"

அந்தக் கேள்வியை அவள் நான்கு நாட்களாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரசவ அறையில் குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது அது துவைத்துப் பிழிந்த துணி மாதிரித் தொங்கியது. அழவில்லை. முதுகைத் தேய்த்தார்கள், பாதத்தைச் சுண்டினார்கள், அதற்கும் அழவில்லை. பிறகு ஓடினார்கள். அதன்பின் அவள் மகளைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கையில் ஒரு ஊசி, காலில் 'சங்கரேஸ்வரியின் குழந்தை' என்று எழுதிக் கட்டிய ஒரு பட்டை. பெயர் வைக்கவில்லை. என்ன நோய் என்று தெரியட்டும் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒத்திப்போட்டிருந்தார்கள். ஸ்கேனில் மூளை நன்றாக இருந்தது, இதயம் நன்றாக இருந்தது, ரத்தத்தில் கிருமி இல்லை. கைகால் மட்டும் அசையவில்லை, மூச்சை மெஷின்தான் விட்டது. ஒரு சொட்டு ரத்தம் ஐதராபாத் போயிருந்தது. முடிவு வர நான்கு வாரம் ஆகும் என்றார்கள்.

முத்துராக்கு போனைக் குழாயின் வாயருகே பிடித்தாள். சங்கரேஸ்வரிக்குக் காற்று இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்கப்புறம் தெருவில் யார் யார் போனிலோ பிடித்துப் பார்த்தார்கள், பதிவு செய்தும் அனுப்பினார்கள். எதிலும் அதே இரைச்சல்தான். அழுகை குழாய்க்கு முன்னால் நிற்கிறவர் காதுக்கு மட்டும் வந்தது, போனில் ஏறவில்லை.

சங்கரேஸ்வரி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பச்சை அங்கி மாட்டி உள்ளே போய், சிஸ்டர் பிரிசில்லாவிடம் கேட்டாள்: "ஆறு நாப்பதுக்குப் பாப்பாவை என்ன செஞ்சீங்க?"

"குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தோம். ஏன்?"

"இல்ல, ஊர்ல கேட்டிருக்கு."

சிஸ்டர் குழந்தையின் குதிகாலைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் அந்த வார்டில் இருந்தவள். தாய்மார்கள் சொல்வதை முதல் தடவையிலேயே மறுப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

செக்கடித் தெரு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான்: முதல் நாள் எல்லோரும் வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, பாவம், தொண்டை வறண்டிருக்கு என்றார்கள். இரண்டாம் நாள் குழாயடியைக் கழுவி, துண்டு காயப்போடுவதை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் வெயில் குழாயில் ஏறிக் கொதித்தபோது யாரோ ஒரு சாக்கை நனைத்துச் சுற்றினார்கள். ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது, வந்ததும் அழுகை நின்றது, பெண்கள் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் நிற்கும்வரை இரண்டு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் முத்துராக்கு ஏழு தடவை மதுரைக்குப் போன் போட்டு, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறதா என்று கேட்டாள். தண்ணீர் நின்று, குழாய் இரண்டு தடவை கொப்பளித்து, மறுபடி அழுதபோதுதான் பாதிப் பேர் சமைக்கவே போனார்கள்.

அன்று மாலையே அவர்கள் தண்ணீர் திறந்துவிடும் தேவசகாயத்திடம் போய், எங்கள் கிளை வால்வை அடைத்துவிடு என்றார்கள். கோடையில் இதே பெண்கள் தண்ணீர் போதவில்லை என்று தன் சைக்கிளைப் பிடுங்கி வைத்துக்கொண்டதை தேவசகாயம் மறக்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"திட்டுவோம். நீ அடை."

இட்லிக் கடை கெங்கம்மாள் மட்டும் முடியாது என்றாள். பிள்ளை மேல் எனக்கும் பாசம் இருக்கு, மாவு ஆட்டுவது எதை ஊற்றி என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள். மறுநாள் காலை அடுத்த தெருவிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைத் தலையிலும் இடுப்பிலுமாகச் சுமந்துகொண்டு, தெரு மொத்தத்தையும் வைதபடி வந்தவள், குழாயடிக்கு வந்ததும் குரலைத் தணித்தாள். அதன்பின் தினமும் அப்படித்தான். வசவு கடைசிப் பத்தடியில் முணுமுணுப்பாகிவிடும்.

பேரூராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் பெரிய ஸ்பேனரோடு வந்தார். கேட்டார். 'குழாயில் காற்று' என்று எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் ரொம்ப நேரம் நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மஞ்சள் கயிறும் எலுமிச்சம்பழமுமாக ஆட்கள் வந்தபோது முத்துராக்கு மறித்துக்கொண்டாள். "இது சாமி இல்லய்யா, எங்க தெருப் பிள்ளை. பாக்கணும்னா பாருங்க, கும்பிடாதீங்க." வந்தவர்கள் கயிற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உறவுக்கார வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்தவர்களைப் போலக் கொஞ்ச நேரம் நின்று, பிஸ்கட் பாக்கெட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கெங்கம்மாள் கடையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சங்கரேஸ்வரி இதையெல்லாம் போனில் கேட்டாள். மூன்று மணிக்கொரு தரம் பால் எடுத்துக் கொடுப்பாள், பத்து நிமிஷம் உள்ளே நின்று, கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, மகளின் உள்ளங்கையில் விரலை வைப்பாள். அந்தக் கை மூடாது. மகளின் முகம் சில நேரம் சுருங்கும், நெற்றி சிவக்கும், உதடு குழாயைச் சுற்றி நடுங்கும். சத்தமே இருக்காது. அந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொண்டு வெளியே வந்து போன் போடுவாள். 'இப்போ எப்படி அழுதா?' கூடத்தில் இருந்த மற்றத் தாய்மார்களும், தேனியிலிருந்து வந்தவள், பரமக்குடிக்காரி, இரட்டைப் பிள்ளை பெற்றவள் எல்லோரும், பதிலுக்காக அவள் வாயைப் பார்ப்பார்கள்.

பதில் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது. முத்துராக்குவைக் கேட்டால் மணி மாதிரி இருக்கும்மா, எட்டு வீடு தாண்டிக் கேட்குது என்பாள். கெங்கம்மாள், எலிக்குஞ்சு மாதிரி, பாவம், வாய்க்குள்ளேயே அழுவுது என்பாள். அச்சகத்தில் காலண்டர் மெஷின் ஓட்டிவிட்டு ராத்திரி பஸ் பிடிக்கிறதுக்கு முன்னால் குழாயடியில் நின்று கேட்டுவிட்டு வரும் காளிராஜ், மதுரைக்கு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் அழுவது போல அழுது காட்ட முயன்றான். மூன்று தடவை முயன்றும் வரவில்லை. நான்காவது தடவை வந்தது அவனுடைய சொந்த அழுகை. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, சொல்ல முடியாத ஒரு பொறாமையை முழுங்கினாள். ஊரே கேட்டுவிட்டது. பெற்றவள் மட்டும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பகலில் முத்துராக்கு தானாகவே கூப்பிட்டாள். "இது வழக்கமான அழுகை இல்ல தாயி. பசிக்குறது தெரியும், ஊசி போடுறது தெரியும், ஈரத்துக்கு அழுறது தெரியும். இது என்னமோ எரியுற அழுகை." சங்கரேஸ்வரி உள்ளே ஓடினாள். மெஷினில் எல்லா எண்ணும் சரியாக இருந்தது. சிஸ்டர் பிரிசில்லா துணியை விலக்கிப் பார்த்தாள். கையில் போட்டிருந்த ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து தோலுக்கடியில் இறங்கி, மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. ஊசியை எடுத்து, கையைத் தூக்கி வைத்து, ஒத்தடம் கொடுத்தாள். பிறகு தன் நோட்டில் முத்துராக்குவின் போன் எண்ணை எழுதிக்கொண்டாள்.

அன்றுதான் டாக்டர் மெஹருன்னிசாவுக்கு விஷயம் தெரிந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி, நிதானமானவர், எதையும் இரண்டு தடவை கேட்பவர். சங்கரேஸ்வரியை எதிரில் உட்காரவைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "வால்வுக்கு முன்னாடி கேக்குதா, பின்னாடியா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அழ ஆரம்பிக்கும்போது எப்படி இருக்கு, முடியும்போது எப்படி இருக்கு?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க டாக்டர். ஒருத்தர் மணிங்கிறாங்க, ஒருத்தர் எலிக்குஞ்சுங்கிறாங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டுமே உண்மையா இருந்தா?" என்றார், அவளைக் கேட்பது போலவும் தன்னைக் கேட்பது போலவும். பிறகு விளக்கினார். "எனக்கு ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்ணு, தசைக்குப் போற நரம்பே வாடிப்போறது. அதுல அழுகை எடுத்த எடுப்புலயே பலவீனமா இருக்கும். இன்னொண்ணு அபூர்வம். நரம்பு நல்லா இருக்கும், தசை நல்லா இருக்கும். நரம்பு சொல்றதைத் தசை வாங்கிக்கிற இடத்துல கோளாறு. முதல்ல கேக்கும், போகப்போகக் கேக்காது, ஓய்வு கொடுத்தா மறுபடி கேக்கும். அதுக்கு மருந்து இருக்கு. ஊசி போட்டுப் பாக்கலாம். ஆனா இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஆதாரம் இல்லாம போட எனக்கு மனசு வரல. தொண்டையில குழாய் இருக்கிறதால அழுகையை இங்க நான் கேக்க முடியாது. யாராவது ஒருத்தர், முதலேர்ந்து கடைசி வரைக்கும், நடுவுல எழுந்து போகாம கேட்டுச் சொல்லணும்."

"நான் போறேன்," என்றாள் சங்கரேஸ்வரி.

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு நாளாக அவள் அந்தக் கட்டிடத்தை விட்டுக் கீழே இறங்கவில்லை. கீழே இறங்கினால் மேலே ஏதாவது ஆகிவிடும் என்று உடம்பு நம்பியது. ஆனால் அந்த நம்பிக்கையைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. எப்படி அழுகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காளிராஜ் லீவு போட்டுவிட்டு வந்து பச்சை அங்கி மாட்டிக்கொண்டான். அவள் இரண்டு வேளைக்கான பாலை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வெள்ளூரணி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். தெரு அமைதியாக இருந்தது. யாரும் எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. தறிக்கூடத்தில் தறியை நிறுத்தியிருந்தார்கள், கெங்கம்மாள் கிரைண்டரை நிறுத்தியிருந்தாள், ஆடுகளைக்கூட யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். குழாய்க்கு முன்னால் ஒரு மணை போட்டிருந்தது. அவள் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சங்கரி, இங்க டைம் பத்து ஆறு," என்றான் காளிராஜ். "சிஸ்டர் துணி மாத்துறாங்க. முகம் சுருங்குது. வாயத் தொறக்குறா."

குழாய் அழுதது.

மணி மாதிரி இல்லை, எலிக்குஞ்சு மாதிரியும் இல்லை, அவளிடம் யார் சொன்னது மாதிரியும் இல்லை. அது கோபமாக இருந்தது. என்னைக் கேட்காமல் ஏன் தொட்டீர்கள் என்று நியாயம் கேட்கிற அழுகை. சங்கரேஸ்வரிக்கு மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது, குழாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் கை பரபரத்தது. நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லாதீங்க, முதல்ல எப்படி, கடைசியில எப்படி, அதை மட்டும் கேளுங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"நெத்தி சிவக்குது," என்றான் காளிராஜ்.

"கேக்குது. பலமா இருக்கு."

"கண்ணை இறுக்குறா."

"இப்போ கொஞ்சம் கொறையுது."

"இல்ல, நல்லாத்தான் அழுறா. மொகமெல்லாம் அழுவுது."

"இங்க கொறையுது. தேயுது." அழுகை நூலாகி, நூலிலும் பிரியாகி, ஒரு மூச்சாகி, குழாய் ஊமையானது. "நின்னுருச்சு," என்றாள்.

"நிக்கலயே," என்றான் அவன். "சங்கரி, வாய் தொறந்துதான் இருக்கு. இன்னும் அழுறா. இன்னும் அழுதுக்கிட்டேதான் இருக்கா."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மகள் அழுகையை நிறுத்தவில்லை. அழ வேண்டியது பாக்கியிருந்தது, பலம்தான் தீர்ந்துவிட்டது. அவன் பார்த்ததும் அவள் கேட்டதும் சேர்ந்துதான் ஒரு முழு அழுகை. அதில் எங்கே விடுபடுகிறது என்று தொண்ணூறு கிலோமீட்டர் இடைவெளியில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்.

குழந்தை தூங்கியது. தெரு காத்திருந்தது. இருபத்தைந்து நிமிஷம் கழித்து மறுபடி முகம் சுருங்க, குழாய் மறுபடி அதே கோபத்தோடு, குறைவில்லாமல், முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி தேய்ந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. காளிராஜ் போனை டாக்டரிடம் கொடுத்தான்.

"மூணு தடவையும் பலமா ஆரம்பிச்சு தேஞ்சு போகுது டாக்டர். தூங்கி எழுந்தா பலம் திரும்ப வருது. நல்லாக் கேட்டுட்டேன்."

"சரிம்மா," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. "பஸ் ஏறுங்க."

பிற்பகலில் அந்த ஊசியைப் போட்டார்கள். சங்கரேஸ்வரி திருமங்கலத்தைத் தாண்டும்போது போன் வந்தது. கெங்கம்மாள்தான். "நிக்க மாட்டேங்குதுடி. பதினோரு நிமிஷமா அழுவுது, ஒரே மாதிரி அழுவுது, தெருவுல ஒருத்தருக்கும் காது கேக்கல, என் கடையில வந்தவன் சட்னிக்குப் பதிலா சாம்பார் வாங்கிட்டுப் போறான்." பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், ஏன் சிரித்துக்கொண்டே அழுகிறாய் என்று கேட்டாள். என் மகள் ரொம்ப நேரம் அழுகிறாளாம் என்றாள் சங்கரேஸ்வரி. அந்தப் பெண் இரக்கத்தோடு தலையாட்டினாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது காளிராஜ் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். தன் ஆள்காட்டி விரலைக் காட்டினான். மகளின் விரல்கள் அதைச் சுற்றி மூடியிருந்தன, லேசாக, ஒரு பூச்சி உட்கார்ந்த அளவு கனத்தோடு. "ஒரு மணி நேரமா எடுக்கல," என்றான்.

ஐதராபாத் முடிவு இருபத்தொன்பதாம் நாள் வந்தது. டாக்டர் நினைத்ததுதான். அவர் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆயுசுக்கும் மருந்து வேண்டும். வேளை தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் மூச்சு நின்றுவிடக்கூடும், அன்று ஓடி வர வேண்டும். நடப்பது தாமதமாகும். "நடப்பாளா?" என்று காளிராஜ் கேட்டான். "நடப்பான்னு நினைக்கிறேன். ஓடுவாளான்னு எனக்குத் தெரியாது," என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்வது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. நான்கு வாரமாக அவர்கள் சுமந்த தெரியாததைவிட இது சின்னதாக, கைக்கு அடங்குவதாக இருந்தது. அன்று சாயங்காலம் செண்பகவல்லி என்று பெயர் வைத்தார்கள்.

முப்பத்துநான்காம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். செண்பகவல்லி இருமினாள், திகைத்தாள், பிறகு தன் சொந்த வாயால் அழுதாள். வெள்ளூரணியில் குழாய் நின்றது. முத்துராக்கு ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, நனைத்த சாக்கை அவிழ்த்து, உதறி மடித்து வைத்தாள். தேவசகாயத்தை வால்வைத் திறக்கச் சொன்னார்கள். தண்ணீர் வந்தது. முதல் குடத்தை வைக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் கெங்கம்மாள், மாவு புளிக்குது என்று சொல்லிக்கொண்டு வைத்தாள்.

ஐம்பத்திரண்டாம் நாள் மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தார்கள். தெரு அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஆரத்தி எடுத்து, கன்னத்தைத் தொடாமல் காலை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை தூங்கட்டும் என்று எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மத்தியானம் காளிராஜ் மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி அழுதாள். சங்கரேஸ்வரி தூக்கினாள். பால் கொடுத்துப் பார்த்தாள், குடிக்கவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. தோளில் போட்டு நடந்தாள். அழுகை நிற்கவில்லை. காற்று வேண்டியிருக்குமோ என்று கதவைத் திறந்து வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் நின்றாள். முத்துராக்கு சோற்றுக் கரண்டியோடு, கெங்கம்மாள் மாவுக் கையோடு, இருபது இருபத்தைந்து பேர். அத்தனை பேர் முகத்திலும் பதில் இருந்தது. அந்த அழுகை என்ன சொல்கிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதமாய்க் கேட்டவர்கள். முத்துராக்குவின் வாய் ஒரு தடவை திறந்தது. கெங்கம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சங்கரேஸ்வரி மகளைத் தோளிலிருந்து இறக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முதலிலிருந்து கடைசிவரை, அவசரப்படாமல் கேட்டாள். பிறகு துணியைத் தளர்த்தி, முதுகுப்பக்கம் கையை விட்டு, சட்டைத் தையலில் மடிந்து உறுத்திக்கொண்டிருந்த ஒரு முடிச்சை விரலால் தடவி, அதை வெளியே இழுத்துவிட்டாள்.

அழுகை நின்றது. இரண்டு பக்கமும் கதவுகள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.